படகுக்கு வேர்ப்பதில்லை

"சேச்சி, சத்யம் சொல்லு. இது என்ன பெயிண்ட்?"

"பெயிண்ட்டுல ஒண்ணுமில்ல மஞ்சு. வேர்வை. ரெண்டு மணிக்கூர் வெயில்ல ரப்பருக்குள்ள மூஞ்சிய வச்சிருந்தா ஆருக்கும் தடிக்கும்."

"வேர்த்தா இப்படி எரியுமா? காந்தாரி மிளகு அரைச்சுத் தேச்ச மாதிரி இருக்கு."

"பச்சத் தண்ணியில கழுவு. நாளைக்குப் போயிரும்."

"நீ ஒரு தடவையாச்சும் இதப் போட்டுப் பாத்திருக்கியா சேச்சி?"

சென்ற புத்தாண்டு நாளின் சாயங்காலம், சுபாஷிணியின் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் நடந்த பேச்சு அது. ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல் ரேலி அப்போதுதான் முடிந்திருந்தது. எதிர்வீட்டு மஞ்சுஷா பேய் வேஷத்தின் கறுப்பு அங்கியைக்கூடக் கழற்றாமல், முகமூடியை மட்டும் உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நேராகச் சுபாஷிணியிடம் வந்துவிட்டாள். நெற்றியிலும் தாடையோரத்திலும், முகமூடியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. கடைசிக் கேள்வி வந்ததும் சுபாஷிணி வாளி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பவள்போலக் குனிந்துகொண்டாள்.

தடிப்பு மறுநாள் போகவில்லை. கொப்புளமாகி, உடைந்து, பொருக்குத் தட்டியது. மஞ்சுஷா எறணாகுளத்தில் ஒரு சேலைக்கடையில் முன்வரிசையில் நின்று சேலை விரித்துக் காட்டுகிறவள். முகம் ஆறுகிறவரை உள்ளே கிடங்கில் துணி மடி என்று கடையில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் மடித்தாள். இப்போதும் இடது தாடையோரம் விரல் அகலத்துக்கு ஒரு கருந்திட்டு உண்டு. பவுடர் போட்டு மறைத்துக்கொள்வாள். சந்தில் எதிரே வரும்போதெல்லாம் சுபாஷிணியின் கண் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான். அப்புறம்தான் சிரிப்பாள்.

ஏனென்றால் அது வேர்வை இல்லை என்று சுபாஷிணிக்குத் தெரியும். அது படகுக்கு அடிக்கிற பெயிண்ட்.

அவள் கணவன் இசக்கிராஜா இடக்கொச்சியில் படகுகளுக்கு வண்ணம் பூசுகிறவன். அவனுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரி பஜாருக்கு மூட்டை தூக்க வந்து, கடைசியில் பள்ளிக்கூட நாடகங்களுக்கு வேஷத்துணி வாடகைக்கு விடுகிற கடை வைத்தவர். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அவர் போனபிறகு மாமியார் அங்கம்மாளும் சுபாஷிணியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ராஜா கிரீடம், சிறகு, போலீஸ் தொப்பி எல்லாம் இருந்தாலும், டிசம்பர் பிறந்தால் ரப்பர் முகமூடிக்குத்தான் கிராக்கி. ரத்தம் வழிகிற வாய், பிதுங்கிய கண், மண்டை பிளந்த பிணம். ஒரு வருஷம் ஆடினால் வண்ணம் உதிர்ந்து, பிணங்கள் எல்லாம் நோய் பிடித்த பிணங்களாகத் தெரியும். அப்போது இசக்கிராஜா படகுவேலையில் மிஞ்சிய எனாமல் டப்பாக்களைக் கொண்டுவந்து, தின்னர் விட்டுக் கலக்கி, ஒரே நாளில் எல்லாப் பேய்க்கும் புது உயிர் கொடுத்துவிடுவான். படகு விளிம்பின் சிவப்பில் உதடு. கடல் நீலத்தில் நரம்பு. வெயில் பட்டால் தகதகவென்று மின்னும். பல வருஷமாக இப்படித்தான். அரைமணி நேரம் மேடையில் போட்டுவிட்டுக் கழற்றுகிற பள்ளிப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சென்ற டிசம்பரில் ஒரு முகமூடி காயவே இல்லை. எனாமல் மேலே ஏறியதும் ரப்பர் இளகிப்போய், தொட்டால் கையோடு ஒட்டியது. சுபாஷிணி அதை எடுத்து அலமாரியின் மேல் தனியாக வைத்தாள். முப்பத்தொன்றாம் தேதி வாசலில் ஆள் முட்டி மோதிக்கொண்டு நிற்க, அங்கம்மாள் கைக்கு எட்டியதை எடுத்து, கொஞ்சம் பவுடரைத் தூவிக் கொடுத்துவிட்டாள். வாங்கியவள் மஞ்சுஷா.

இதெல்லாம் இந்த வீட்டின் மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. "சொன்னா நாளைக்கு இந்த வாசல்ல ஆரு ஏறுவா?" என்று அங்கம்மாள் ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி.

சுபாஷிணி ஒரு வேலை செய்தாள். மஞ்சுஷாவின் முகம் ஆறுவதற்கு முன்பே, கிழிந்த முகமூடிகளைத் துண்டுதுண்டாக வெட்டி ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வண்ணம், கீழே தேதி. பலகை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. எனாமல் துண்டு ஒரே மாதத்தில் பிசுபிசுத்து, சுருங்கி, வெடித்தது. போஸ்டர் கலர் விரல் பட்டதும் பொடியாக வந்தது. அக்ரிலிக் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துண்டை இழுத்ததும் காய்ந்த குளம்போலப் பிளந்தது. பிறகு, ரப்பர் பாலையே வாங்கி, அதோடு அக்ரிலிக்கைக் கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லிசாக ஏற்றினாள். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் கூடவே வந்தது. பால் வெள்ளையாக இருக்கும்போது நிறம் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அழுத்தமாகும் என்பதை நாலு துண்டு கெடுத்தபிறகு கற்றுக்கொண்டாள். அந்தத் துண்டை முழங்கை மடிப்பில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு துணி துவைத்தாள், மீன் கழுவினாள், பள்ளுருத்திக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். தோல் தோலாகவே இருந்தது.

முழங்கையில் ஒட்டிப் பார்த்தாளே தவிர முகத்தில் போட்டுப் பார்க்கவில்லை. மஞ்சுஷா கேட்ட கேள்வி அப்படியே கிடந்தது.

இந்த டிசம்பர் பதினெட்டாம் தேதி ஷாஜி வந்தான். வயரிங் வேலை பார்க்கிறவன். சந்துமுனைக் கிளப்பின் செயலாளர். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "இசக்கி சேட்டா, பதினாலு தல வேணும்!" என்றான்.

"மெதுவாச் சொல்லு. போலீஸ் வந்துரப் போவுது," என்றாள் அங்கம்மாள்.

"இந்தத் தடவை நம்ம ரேலி விஷயம் என்ன தெரியுமோ அம்மச்சி? யட்சி கல்யாணம்! பொண்ணு யட்சி, மாப்பிள்ளை ராட்சசன். மாமனார், மாமியார், செண்டை அடிக்கிறவன், பாயசம் விளம்புறவன் வரைக்கும் எல்லாம் பேயாக்கும்."

"மாமியாப் பேய்க்கு எதுக்குடே முகமூடி? சும்மா நானே வாரேனே. மருமவளக் கேட்டுப் பாரு, அச்சு அசல்னு சொல்லுவா."

சுபாஷிணி சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லல அத்தை."

"பாத்தியா? மறுத்தும் சொல்லல."

ஷாஜி சிரித்துப் புரையேறி, சாயாவை ஆற்றிக் குடித்தான். "போன தடவை மாதிரி நல்ல ஷைன் வேணும் சேட்டா. வெயில்ல தெறிக்கணும். பின்னே, இருட்டுல மின்னுற ஒரு பவுடர் இருக்கே, அதையும் கண்ணச் சுத்தி..."

"அந்தப் பவுடர் டப்பாவுல உள்ள என்ன இருக்குன்னு எழுதல," என்றாள் சுபாஷிணி. "எழுதாதது மூஞ்சிக்கு ஆவாது. ஷைனும் கிடையாது. இந்தத் தடவை பெயிண்ட் வேற."

ஷாஜி இசக்கிராஜாவைப் பார்த்தான். இசக்கிராஜா கையைத் தூக்கி, "தெறிக்கும். நீ முப்பதாம் தேதி வந்து எடுத்துக்கோ," என்றான்.

ஷாஜி தெருத் திரும்புகிறவரை சுபாஷிணி பொறுத்திருந்தாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"உன் பலகையில இருக்கத நானும் பாத்தேன். சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. செத்த மூஞ்சி."

"பேய் பின்ன எப்படி இருக்கும்?"

அங்கம்மாள் வெற்றிலையோடு சிரிப்பையும் சேர்த்து அடக்கினாள். இசக்கிராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இருவத்தஞ்சு வருஷமா பெயிண்ட் அடிக்கேன் சுபா. நான் அடிச்ச படகு உப்புத்தண்ணியில வருஷக்கணக்கா நிக்கி. ஒரு சொட்டு உரியாது. எனக்கு நீ பெயிண்ட் படிப்பிக்கியா?"

"படகுக்கு வேர்க்காதுங்க."

இசக்கிராஜா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சுபாஷிணிக்கும் ரேஷன் கடைக்குப் போகவேண்டியிருந்தது. அவன் முன்னால், அவள் பின்னால்.

எப்போதும் அப்படித்தான். படகு ஜெட்டிக்கானாலும், கோவிலுக்கானாலும், சினிமாவுக்கானாலும் இசக்கிராஜா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பான். கோபம் ஒன்றும் இல்லை. அவன் நடையே அப்படி. மீன் வாங்கினால் தலைத்துண்டை அவளுக்கென்று எடுத்து வைக்கிறவன்தான். காய்ச்சல் என்றால் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன்தான். ஆனால் தெருவில் இறங்கிவிட்டால் அவளுக்குக் கிடைப்பது அவனுடைய முதுகு. பதினாறு வருஷமாகச் சட்டைகள்தான் மாறியிருக்கின்றன. ஒரு தடவை, கல்யாணமான புதிதில், "கொஞ்சம் நில்லுங்களேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் முக்குத் திரும்பிவிட்டான். அன்றைக்கு விழுங்கியதை அவள் திரும்ப வெளியே எடுக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ரப்பர் பால் வாங்க எறணாகுளம் போனாள். திரும்பி வந்தபோது சந்து திரும்பும் முன்பே மூக்கில் ஏறியது தின்னர் வாசனை. பக்கத்துக் கிடங்கில் உலர்த்தியிருந்த சுக்கின் மணத்தைக்கூட அது அமுக்கிவிட்டிருந்தது.

முன்னறைக் கொடியில் ஆறு முகமூடிகள் புது எனாமலில் பளபளத்துக்கொண்டு தொங்கின. இசக்கிராஜா ஏழாவதைக் கையில் எடுத்திருந்தான். மதியவேலையை விட்டுவிட்டு வந்திருந்தான் போல. சட்டையில் இடக்கொச்சி உப்பு வெளுத்திருந்தது.

"உனக்கு வேலை மிச்சம்," என்றான், கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு. "மீதிய நீ உன் இஷ்டப்படி அடி. பாதிக்குப் பாதி. போதும்லா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். கொடிக்குப் பக்கத்தில் போய் ஒரு முகமூடியின் கன்னத்தைத் தொட்டாள். விரல் நுனியில் சிவப்பு ஒட்டியது. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். மூக்குத் துளையின் வழியாகப் பெயிண்ட் உள்பக்கமும் வழிந்திருந்தது.

தையல் மெஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதல் முகமூடியை நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே வெட்டு. இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதற்கு வரும்போதுதான் அங்கம்மாளுக்கு நடப்பது புரிந்தது.

"ஏட்டி! ஏட்டி சுபா! உனக்குக் கிறுக்கா? நல்ல சாமான வெட்டுதியே! ஏ இசக்கி, புடிடே அவ கைய!"

இசக்கிராஜா பிடிக்கவில்லை. பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். பிரஷ்ஷிலிருந்து நீலம் தரையில் சொட்டியது.

"ஒதுக்கி வச்சா போதாதாட்டி?" என்று அங்கம்மாள் கத்தினாள்.

"போன வருஷம் ஒதுக்கித்தான் வச்சேன் அத்தை." நாலாவது. "அலமாரி மேல ஒதுக்கி வச்சேன்." ஐந்தாவது. "இந்த வீட்டுல ஒதுக்கி வச்சது எல்லாம் ஆரு தலையிலயாச்சும் ஏறிரும்." ஆறாவது.

சத்தம் கேட்டுச் சந்தில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. கடையில் வாரவிடுமுறை நாள் என்பதால் மஞ்சுஷா வீட்டில்தான் இருந்தாள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எந்தா சேச்சி, அடிபிடியா?"

அங்கம்மாள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மோளே. பழசு எல்லாம் கிழிச்சுப் போடுதா. நீ போ."

சுபாஷிணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மாமியார் கண்ணால் வேண்டாம் என்றாள். இசக்கிராஜாவும் தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்றுதான். அவள் இருவரையும் பார்த்துவிட்டு மஞ்சுஷாவின் தாடையைப் பார்த்தாள். அன்றைக்குப் பவுடர் இல்லை.

"மஞ்சு, அது வேர்வை இல்ல. பெயிண்ட்தான். படகுக்கு அடிக்கிற எனாமல். காயாததுன்னு தெரிஞ்சுதான் நான் தனியா எடுத்து வச்சேன். தப்பி உன் கைக்கு வந்துச்சு. அன்னைக்கே, குழாயடியில நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். பொய் சொன்னேன்."

மஞ்சுஷாவின் கை தானாகத் தாடைக்குப் போயிற்று.

"ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன கேட்டாரு தெரியுமா சேச்சி? என்ன பெயிண்ட்னு தெரிஞ்சா கொண்டுவான்னு கேட்டாரு. எங்க சேச்சி சொன்னா, பெயிண்ட் இல்ல, வேர்வைன்னு சொன்னேன். எங்க சேச்சின்னு சொன்னேன்."

போய்விட்டாள். போனவள் வீட்டுக்குள் போகவில்லை; சந்தின் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனாள். பொழுது சாய்வதற்குள் மட்டாஞ்சேரியில் பாதிப்பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"முடிஞ்சுது," என்று அங்கம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "மாமனாரு வச்ச கடை. கத்தரிச்சுட்டா."

"கடை இருக்கு அத்தை. இன்னும் எட்டு இருக்கு. ஆறு செய்யணும்."

இசக்கிராஜா எனாமல் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி, சாக்கில் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து விடியும் முன்பே வேலைக்குப் போனான், சாயங்காலம் வந்தான், தின்றான், படுத்தான். மீன்தலை மட்டும் வழக்கம்போல அவள் தட்டுக்கு வந்தது.

பரண் மேல் மூட்டையாகக் கிடந்த கிழிசல் முகமூடிகளைச் சுபாஷிணி இறக்கினாள். ஓரளவு தேறுகிறவையாக ஆறைப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்தாள். காது அறுந்ததற்கு மல் துணியை நாடாவாகக் கிழித்து, ரப்பர் பாலில் முக்கி உள்பக்கம் ஒட்டினாள். மூக்கு போனதற்கு இன்னொன்றின் மூக்கு. பிறகு வண்ணம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று விற்கிற அக்ரிலிக்காகப் பார்த்து, லேபிளை எழுத்து விடாமல் படித்து வாங்கியிருந்தாள். கிண்ணத்தில் பால், அதில் கொஞ்சமாக நிறம். பஞ்சால் ஒற்று, காயட்டும், மறுபடி ஒற்று. கண்ணோரம், மூக்குத்துளை, வாய் விளிம்பு ஆகிய இடங்களில் ஒரு விரற்கடை சும்மா விடு. உள்ளே ஒரு பொட்டுக்கூடக் கூடாது.

இருபத்துநாலாம் தேதி, யாரும் எதிர்பாராத மழை. உப்புக்காற்றோடு ஈரமும் சேர்ந்ததில் ஒன்றும் காயவில்லை. கொடியைப் பிடுங்கி அடுக்களைக்குள் கட்டினாள். அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி, டேபிள் ஃபேன் காற்றில் பேய்கள் வரிசையாக ஆடின. ரப்பர் பாலில் கலந்திருந்த அமோனியா வாடை வீடு முழுக்க நிறைந்தது.

"தொழுவம் மாதிரி நாறுது," என்றாள் அங்கம்மாள். "கப்பைக்கிழங்கத் தின்னாலும் அந்த வாடை, மத்திக் குழம்பத் தின்னாலும் அந்த வாடை."

"மூணு நாள் காத்தாடினா போயிரும் அத்தை. போனபிறகுதான் ஆருக்கும் குடுப்பேன்."

"எவன் வந்து வாங்கப் போறான்? ஊரெல்லாம் சிரிக்கி." சொல்லிவிட்டு, முகமூடிமேல் சாம்பார் தெறித்துவிடாமல் இருக்கச் சட்டியை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் காலையில் மஞ்சுஷா வந்தாள். கையில் ஹேர் டிரையர். வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைக்க வேண்டா. இந்த மழையில இது காயாதுன்னு தெரியும். அதுதான் வந்தேன்."

"சரி."

"நான் நடக்க மாட்டேன் இந்த வருஷம். ஷாஜிட்ட சொல்லியாச்சு. யட்சிப் பொண்ணு நானாக்கும் இருந்தேன். எனக்கு இனி ரப்பரக் கண்டாலே அரிக்குது."

"நடக்க வேண்டாம்."

"பஞ்சு எங்க? இந்தக் கிழவன் பேய்க்குக் கன்னம் விட்டுப்போச்சு. நீ இவ்வளவு நாள் கண்ணத் தொறந்துட்டா வேலை செஞ்சே?"

மதியம் வரை அப்படித்தான் திட்டிக்கொண்டே இருந்தாள். சுபாஷிணி பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். கப்பையும் மத்தியும் போட்டுக் கொடுத்தபோது, "அமோனியா கறி, அடிபொளி" என்றாள். வீட்டில் நாலு நாளாக யாரும் சிரிக்கவில்லை. அங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் எழுந்து விளக்கைப் போட்ட சுபாஷிணி, கொடிக்கு முன்னால் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை ராட்சசனின் புருவம் மாறியிருந்தது. அவள் பஞ்சால் ஒற்றியிருந்த மொத்தைப் புருவத்தின் மேல் மயிர் மயிராக மெல்லிய கோடுகள். நெற்றிப்பொட்டில் பச்சை நரம்பு, தொட்டால் துடிக்கும் போல. பயந்துகொண்டு தொட்டாள். ஒட்டவில்லை. இழுத்தாள், நரம்பு ரப்பரோடு சேர்ந்து நீண்டு, விட்டதும் சுருங்கியது. முகர்ந்தாள். எனாமல் இல்லை. அவளுடைய கிண்ணத்துக் கலவை.

அடுக்களைக் கதவைத் தள்ளிப் பலகையைப் பார்த்தாள். கடைசி வரிசையில் புதிதாக ஒரு துண்டு. கீழே, படகுக்குப் பேரெழுதுகிற கொழுத்த எழுத்தில் தேதி: இருபத்தைந்து. இசக்கிராஜா மூன்று நாள் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறான்.

அவன் கிளம்பும்போது தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். வாங்க நீட்டிய கையின் முழங்கை மடிப்பில், டேப் ஒட்டிப் பிய்த்த தடம் சதுரமாக வெளுத்திருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துச் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

முப்பதாம் தேதி வந்தது. காலையில் இட்லி தின்று கைகழுவியதும் சுபாஷிணி கொடியிலிருந்து யட்சியை எடுத்தாள். உள்ளே ஒருமுறை முகர்ந்தாள். கொஞ்சம் பவுடரைத் தட்டினாள். முடியை இறுக்கி முடிந்துகொண்டு, வெறும் முகத்தில், முதல் தடவையாக, போட்டுக்கொண்டாள்.

ரப்பருக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. கண் துளைகளின் வழியாக உலகம் இரண்டு சிறு வட்டமாகத் தெரிந்தது. இதற்குள் இருந்துகொண்டுதான் மஞ்சுஷா இரண்டு மணி நேரம் நடந்தாள், எரிய எரிய, எல்லோரும் கைதட்டுகிறார்களே என்று கழற்றாமல்.

அவள் வேலையைப் பார்த்தாள். முற்றம் பெருக்கினாள். வெயிலில் நின்று துணி உலர்த்தினாள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, "என்டம்மோ!" என்று இரண்டடி பின்வாங்கி, பிறகு மத்தியை நிறுத்துப் போட்டார். வாசற்படியில் உட்கார்ந்து, கோரைப்பல்லும் ரத்த உதடுமாக, மத்திக்குச் செதில் சீவினாள். சந்தின் கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன. அங்கம்மாள் வாசலில் நின்று, "பாக்காதவங்க பாத்துக்கோங்க. என் மருமவதான்," என்றாள்.

நேரம் பன்னிரண்டு ஆகும்போது ஷாஜி கிளப் ஆட்கள் நாலு பேரோடு வந்தான். தயங்கித் தயங்கித்தான் வந்தான்.

"சேச்சி, தப்பா நினைக்கண்டா. பசங்க பயப்படுறானுங்க. மஞ்சு சொன்னதக் கேட்டப்புறம்... திருப்பூணித்துறையில வேற ஒருத்தர்ட்ட கேட்டிருக்கோம்."

"மணி எத்தனை?" என்றது யட்சி.

"பன்னண்டு."

"நான் இதப் போட்டது எட்டரைக்கு. மஞ்சு, நீ பாத்தேல்ல?"

அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லியிருந்த மஞ்சுஷா எதிர்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கழற்று. பாக்கட்டும்."

சுபாஷிணி மீன் கையைக் கழுவிவிட்டு வந்து முகமூடியை உருவினாள். தலை நனைந்து, முகம் தண்ணீரில் ஊறினதுபோல் இருந்தது. வேர்வை தாடையிலிருந்து சொட்டியது. மஞ்சுஷா தாண்டி வந்து, தன் துண்டாலேயே துடைத்து, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, நெற்றியை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். விளிம்பு அழுந்திய வரி மட்டும் இருந்தது.

"இதுதான் வேர்வை," என்றாள் மஞ்சுஷா எல்லோருக்கும் கேட்க. "இப்பத்தான் நெசமான வேர்வை."

"பலூன் ஊதினா, ரப்பர் கையுறை போட்டா உங்கள்ல ஆருக்காச்சும் அரிக்குமா?" என்று சுபாஷிணி கிளப் ஆட்களைக் கேட்டாள். "அவங்க எந்தப் பெயிண்ட்டானாலும் முகமூடி போடக்கூடாது. வெறும் சாயம் பூசிக்கிட்டு செண்டை அடிக்கட்டும். மத்தவங்க அரைமணிக்கு ஒருக்கா கழற்றித் துடைக்கணும். சம்மதம்னா எடுங்க. இல்லன்னா திருப்பூணித்துறைக்குப் போங்க. அங்க என்ன பெயிண்ட்னு கேட்டுட்டுப் போடுங்க."

மாப்பிள்ளை ராட்சசனாக நடக்க இருந்தவன் கையைத் தூக்கினான். கையுறை போட்டால் அரிக்கும் என்றான். மற்றவர்கள் கொடிக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். ஷாஜி மாப்பிள்ளை ராட்சசனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஷைன் இல்ல. ஆனா இந்தப் புருவம்... எண்டே தெய்வமே, முறைக்குது பாரு! எடுக்கிறோம் சேச்சி. பதினாலும் எடுக்கிறோம்." பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா பொண்ணு போச்சே. மஞ்சு வரலியே. யட்சிக்கு நான் எங்க போவேன்?"

"நான் நடக்கேன்," என்றாள் சுபாஷிணி.

அங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டுப் பெண்கள் ரேலியில் நடந்ததில்லை. முகமூடி கொடுப்பார்கள், கழுவி வாங்கி வைப்பார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மருமகளின் நனைந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல சேலையா கட்டுட்டி. யட்சின்னாலும் நம்ம வீட்டுப் பொண்ணு," என்றாள்.

"அப்போ மாப்பிள்ளை ஆரு?" என்றான் ஷாஜி.

சந்துமுனையில் இசக்கிராஜா வந்துகொண்டிருந்தான். சனிக்கிழமையும் இல்லை, சம்பள நாளும் இல்லை. மத்தியானத்தில் அவன் வீட்டுக்கு வருவதே கிடையாது. யட்சி மீன் சீவுகிற சேதி இடக்கொச்சி வரை போயிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டு வந்தவன், தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றான். நகத்தடியில் கடல் நீலம். முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தான், நெற்றியை, தாடையை, திரும்பவும் நெற்றியை. ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மூச்சு விட்டான்.

ஷாஜியின் கையிலிருந்து சுபாஷிணி ராட்சசனை வாங்கிக்கொண்டாள். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"என்னங்க," என்றாள். "பதினாறு வருஷமா உங்க முதுகப் பாத்துட்டே நடக்கேன். ஜெட்டிக்குப் போனாலும் அதுதான், கோவிலுக்குப் போனாலும் அதுதான். ஒண்ணாம் தேதி இதப் போட்டுட்டு வாங்க. பத்தடி முன்னால போவாதீங்க. என் பக்கத்துல நடங்க."